யூட்டா டைரி: காபி கிடையாது, பாட்டு உண்டு

வியாழன், சால்ட் லேக் சிட்டி

இந்த ட்ரிப் எதுக்குன்னு முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா "யூட்டா வரைக்கும் போயிட்டு ஆர்ச்சஸ் பாக்கலையா, ஜயான் பாக்கலையா"ன்னு கேப்பீங்க. மலை பாக்க வரல, பாட்டு தேடி வந்தேன். இமாஜின் டிராகன்ஸ் பாடகர் டான் ரெனால்ட்ஸ், தி கில்லர்ஸ் பாடகர் பிராண்டன் ஃப்ளவர்ஸ், நியான் ட்ரீஸ், வயலின் வாசிச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி ஆடுற லிண்ட்ஸி ஸ்டெர்லிங், அமெரிக்கன் ஐடல் டேவிட் அர்ச்சுலேட்டா, நம்ம அப்பா காலத்து ஆஸ்மண்ட்ஸ், இவங்களுக்கெல்லாம் பொதுவா ஒண்ணு இருக்கு, எல்லாருமே மார்மன் சபையில வளந்தவங்க (அமெரிக்காவுல உருவான கிறிஸ்தவ சபை, தலைமையிடம் இந்த சால்ட் லேக் சிட்டிதான்). உலகம் முழுக்க சேத்தாலும் அந்த சபையில ஒண்ணேமுக்கால் கோடி பேர்தான். அதுக்குள்ள இருந்து இத்தனை பேர் மேடைக்கு எப்படி வந்தாங்க, வந்ததுல நிறைய பேர் அப்புறம் சபையை விட்டு ஏன் வெளிய போனாங்க, இதுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

ஏர்போர்ட்ல இருந்து க்ரீன் லைன் ட்ராம் ஏறினா ஊருக்கு நடுவுலயே இறக்கி விட்டுடுது. சபையோட பெரிய கோயில் இருக்குற டெம்பிள் ஸ்கொயர் பக்கத்துலயே. கோயிலை 1853ல கட்ட ஆரம்பிச்சு 1893லதான் முடிச்சாங்க, சரியா நாப்பது வருஷம். இப்ப பூகம்பம் வந்தாலும் தாங்கணும்னு 2019 கடைசியில இருந்து அடித்தளத்தையே மாத்திக்கிட்டு இருக்காங்க. 2027 ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் எல்லாருக்கும் உள்ள திறந்து காட்டப் போறாங்களாம், அதுக்கப்புறம் வழக்கம்போல சபைக்காரங்க மட்டும்தான் உள்ள போகலாம்.

எனக்கு வேண்டியது அதுக்குப் பின்னாடி இருக்குற டாபர்நேக்கிள், சபையோட கூட்ட அரங்கம். கவுத்து வச்ச வாணலி மாதிரி ஒரு கூரை, 1867ல கட்டினது, நடுவுல ஒரு தூண் கிடையாது. கூரையைப் போட்டவர் அடிப்படையில பாலம் கட்டுறவர், ஹென்றி க்ரோன்னு பேரு, பாலத்துக்குப் போடுற மரச்சட்டத்தையே வளைச்சு கூரையா ஆக்கிட்டாரு, இரும்பு அவ்வளவா கிடைக்காத காலம்ங்கிறதால மர ஆணி அடிச்சு, விரிசல் விட்ட இடத்துல பச்சைத் தோலைச் சுத்தி இறுக்கியிருக்காங்க. உள்ள முதல்ல போட்ட பெஞ்செல்லாம் பைன் மரம், ஆனா ஓக் மாதிரி தெரியணும்னு ரேகை ரேகையா பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. ஆர்கன்ல 11,623 குழாய். முன்னாடி தங்க நிறத்துல நிக்கிற பெரிய குழாய்ங்களும் மரம்தான்! கையில காசு இல்லாம பாலைவனத்துக்கு வந்த ஜனங்க இவ்வளவு பெரிய ஆர்கனை எதுக்கு முதல் வேலையா செஞ்சாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. 1847 ஜூலை 24 அன்னிக்கு சபையை நடத்தின பிரிகம் யங் இந்தப் பள்ளத்தாக்குக்கு வர்றாரு, சுமார் இருபது வருஷத்துல ஆர்கன் ரெடி.

வியாழக்கிழமை சாயங்காலம் இங்க சபையோட கொயர், அதாவது பாடகர் குழு, ஒத்திகை, யார் வேணா போய் உக்காந்து கேக்கலாம், டிக்கெட் கிடையாது. நான் போனதே அதுக்குத்தான். கிட்டத்தட்ட 360 பேர். ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. 25 வயசுல இருந்து 55க்குள்ள இருந்தாதான் சேர முடியும், டெம்பிள் ஸ்கொயர்ல இருந்து நூறு மைலுக்குள்ள வீடு இருக்கணும், இருபது வருஷம் இல்லன்னா அறுபது வயசு, எது முதல்ல வருதோ அதோட ரிட்டயர்மெண்ட். ஒத்திகைங்கிறதால எல்லாரும் சாதா ட்ரெஸ்ல, ஆபீஸ்ல இருந்து நேரா வந்த மூஞ்சியோட இருந்தாங்க. கண்டக்டர் ஒரே வரியை திரும்பத் திரும்ப பாட வைக்கிறாரு, எனக்கு முதல் தடவையே பர்ஃபெக்டா கேட்டுச்சு, அவருக்கு என்னமோ பிடிக்கல, மறுபடி, மறுபடி... அப்புறம் திடீர்னு ஆர்கனும் சேந்துச்சு பாருங்க, உக்காந்திருக்குற பெஞ்ச் அதிருது, நெஞ்செலும்பு அதிருது.

பக்கத்துல உக்காந்திருந்த ஒரு வயசான அம்மாகிட்ட பேச்சுக் கொடுத்தேன். அவங்க வீட்டுக்காரர் முன்னாடி இதுல பாடினவராம். "உங்க ஆளுங்க மட்டும் எப்படி இவ்வளவு நல்லா பாடுறாங்க"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. எங்க சபையில சம்பளத்துக்கு பாதிரியார் கிடையாது தம்பி, ஞாயித்துக்கிழமை பேசுறது, ஆர்கன் வாசிக்கிறது, பாட்டு நடத்துறது எல்லாமே நாங்களேதான், மூணு வயசுல குழந்தையைக் கூட்டிட்டுப் போனா பாட கத்துக் கொடுத்து வருஷத்துக்கு ஒரு தடவை எல்லார் முன்னாடியும் மைக்ல நிக்க வச்சிருவாங்க, பத்து வயசுக்குள்ள மேடை பயம் போயிரும்னாங்க. அந்தம்மா சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாங்க, எனக்கு பாதிக் கேள்விக்கு பதில் அங்கயே கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

வெள்ளி, ஆக்டன்

காலையில ஃப்ரண்ட்ரன்னர் ட்ரெயின் பிடிச்சு வடக்க ஆக்டன். சுமார் ஒரு மணி நேரம். மாடி ரயில், மேல உக்காந்தா ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் தூரத்துல உப்பு ஏரி மினுங்குது.

ஆக்டன் ஒரு காலத்துல பெரிய ரயில் ஜங்ஷன், இப்ப யூனியன் ஸ்டேஷனை மியூசியமா ஆக்கிட்டாங்க. இந்த ஊர்ல பிறந்தவங்க லிஸ்ட்டே ஒரு தினுசா இருக்கு. துப்பாக்கி வடிவமைச்ச ஜான் பிரவுனிங் இங்கதான் 1855ல பிறந்தாரு, அவரும் மார்மன் குடும்பம். பக்கத்துலயே மாரியட் செட்டில்மெண்ட்னு ஒரு குக்கிராமம், 1900ல அங்க பிறந்த ஜே. வில்லர்ட் மாரியட் 1927ல வாஷிங்டன்ல போய் ஒரு ரூட் பீர் கடை போட்டாரு. ரூட் பீர்னா பேர்லதான் பீர், சாராயம் இல்லாத பானம். அந்தக் கடைதான் பின்னாடி மாரியட் ஹோட்டல். அடுத்த தடவை மாரியட்ல தங்கினா மேஜை டிராயரைத் திறந்து பாருங்க, பைபிளோட சேத்து சபையோட வேத நூலான மார்மன் புத்தகமும் இருக்கும்.

சரி, இதே ஊர் ஆஸ்மண்ட்ஸுக்கு வருவோம். அப்பா ஜார்ஜ் ஆஸ்மண்ட், முன்னாள் ராணுவ சார்ஜண்ட். ஒன்பது குழந்தைங்க. முதல் ரெண்டு பையனுங்க விர்ல், டாம், ரெண்டு பேருக்கும் காது சரியா கேக்காது. அவங்களுக்கு காது மெஷின் வாங்கணும், அப்புறம் சபை ஊழியத்துக்கு அனுப்பணும், அதுக்குக் காசு வேணும்னு அடுத்த நாலு பையனுங்க ஆலன், வெய்ன், மெரில், ஜே இவங்களுக்கு அப்பா நாலு குரல் சேத்துப் பாடுற பார்பர்ஷாப் ஸ்டைல் சொல்லிக் கொடுத்தாரு. காது கேக்காத அண்ணனுங்களுக்காக தம்பிங்க பாட ஆரம்பிச்ச கதை. சினிமாவுல வச்சா ஓவர்னு சொல்லுவோம்.

டிஸ்னிலாண்ட்ல பாடினாங்க, அங்க இருந்து 1962ல ஆண்டி வில்லியம்ஸ் டிவி ஷோ. 1971ல ஒரு பாட்டு அமெரிக்காவுல அஞ்சு வாரம் நம்பர் ஒன். அதே வருஷம் கடைக்குட்டி மாதிரி இருந்த டானி தனியாவும் நம்பர் ஒன், அப்ப அவனுக்கு பதிமூணு வயசு. 1973ல தங்கச்சி மரி கன்ட்ரி ஸ்டைல்ல பாடி ஹிட் கொடுத்தாங்க. பொண்ணுங்க கூட்டம் ஏர்போர்ட்ல மயங்கி விழுது, இவனுங்க வீட்டுல காபி கூட கிடையாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் 1973ல வந்த 'தி பிளான்' ஆல்பம். உச்சத்துல இருக்குற பசங்க, இன்னும் நாலு காதல் பாட்டு பாடியிருந்தா காசு கொட்டியிருக்கும், அதை விட்டுட்டு மனுஷன் எங்கிருந்து வர்றான், செத்தப்புறம் எங்க போறான்னு தங்களோட மத நம்பிக்கை முழுசையும் ராக் ஆல்பமா போட்டாங்க. அமெரிக்காவுல முன்ன மாதிரி விக்கல. ஆனா போட்டாங்கல்ல? மிஷன் போகாததுக்கு அவங்க கொடுத்த வட்டி மாதிரின்னு எனக்குத் தோணுது. மார்மன் பையனுங்க பதினெட்டு, பத்தொம்பது வயசுல ரெண்டு வருஷம் எல்லாத்தையும் விட்டுட்டு ஊழியத்துக்குப் போறது வழக்கம், வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல பேர் பலகை. ஆஸ்மண்ட்ஸ் பசங்களுக்கு மட்டும் உங்க இசையே உங்க மிஷன்னு விட்டுட்டாங்க.

1976ல டானி-மரி டிவி ஷோ ஆரம்பிக்கும்போது டானிக்கு 18, மரிக்கு 16. அடுத்த வருஷமே ஹாலிவுட் வேணாம்னு ஷோவை ஊரோட ஓரத்துல, ஓரம்னு ஒரு சின்ன டவுன்ல சொந்த ஸ்டுடியோ கட்டி யூட்டாவுக்கே கொண்டு வந்துட்டாங்க. (ஊர் பேரே ஓரம்தான், நான் என்ன பண்ண.) ஷோ 1979ல முடிஞ்சுது, அப்புறம் குடும்பத்துக்கு பணக் கஷ்டம். 1989ல டானி திரும்பி வந்த கதை தனி: பேரைச் சொன்னா யாரும் போட மாட்டாங்கன்னு தெரிஞ்சு, பாடினது யாருன்னு சொல்லாமலேயே ரேடியோவுல ஓட விட்டாங்க, பாட்டு ஹிட் ஆனப்புறம்தான் பேர் வெளிய வந்துச்சு. அந்த நல்ல பையன் இமேஜ் அவ்வளவு பெரிய சுமையா இருந்திருக்கு.

ஆக்டன்ல மத்தியானம் 25வது தெருவுல ஒரு பர்கர், கூட ஃப்ரை சாஸ். மயோனைஸும் கெச்சப்பும் கலந்தா ஃப்ரை சாஸ், இதை யூட்டாக்காரங்க என்னமோ காப்புரிமை வாங்கின மாதிரி பேசுறாங்க.

சனி, ப்ரோவோ

இன்னிக்கு தெற்கு. ப்ரோவோ ஸ்டேஷன்ல காலேஜ் நண்பன் கார் எடுத்துட்டு வந்திருந்தான். லீஹைல வேலை பாக்குறான், யூட்டாவுல எட்டு வருஷமா இருக்கான். பாத்ததும் முதல் கேள்வியே நான்தான் கேட்டேன், "டேய், காபி எங்கடா கிடைக்கும்?" "ப்ரோவோக்கு வந்துட்டு காபி கேக்குறியா, சோடா குடி மச்சி"ன்னு ஒரு ட்ரைவ்-த்ரூவுக்கு கூட்டிட்டுப் போனான். அங்க கார் வரிசை. இவங்களுக்கு சாராயம், சிகரெட், டீ, காபி எல்லாம் தடை, ஆனா கோக்குக்கு தடை இல்ல. அதனால டர்ட்டி சோடான்னு ஒண்ணு, கோக்ல தேங்கா சிரப், க்ரீம், எலுமிச்சை எல்லாம் ஊத்தி அரை லிட்டர் கப்ல தர்றாங்க. ரெண்டு வாய்க்கு மேல என்னால முடியல. நண்பன் முழுசா குடிச்சிட்டு என்னோடதையும் வாங்கிக்கிட்டான். ஊரோட பெரிய யூனிவர்சிட்டி, சபையோடது, பிரிகம் யங் யூனிவர்சிட்டி, அதுக்குள்ள கஃபீன் இருக்குற சோடாவையே 2017லதான் விக்க ஆரம்பிச்சாங்களாம். அங்க படிக்கிற பசங்க தாடி வைக்கக் கூடாதுன்னு இன்னும் ரூல் இருக்கு. கேம்பஸ் உள்ள நடந்தோம், தாடியோட திரிஞ்சது நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்னு நினைக்கிறேன்.

இந்த கேம்பஸ்லதான் 2008ல டான் ரெனால்ட்ஸ் ஒரு ட்ரம்மரை சந்திச்சு இமாஜின் டிராகன்ஸ் ஆரம்பிச்சது. ரெனால்ட்ஸ் லாஸ் வேகாஸ் பையன், நிறைய அண்ணன் தம்பிங்க உள்ள மார்மன் குடும்பம், நெப்ராஸ்காவுல ரெண்டு வருஷம் மிஷன் முடிச்சவர். யோசிச்சுப் பாருங்க, ரெண்டு வருஷம் தினமும் முன்பின் தெரியாதவங்க வீட்டுக் கதவைத் தட்டி, மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினாலும் சிரிச்சுட்டு அடுத்த கதவுக்குப் போன ஒருத்தனுக்கு, இருபது பேர் வந்திருக்குற பார்ல பாடுறதுல என்ன கூச்சம் இருக்கும்? லிண்ட்ஸி ஸ்டெர்லிங்கும் நியூயார்க்ல மிஷன் செஞ்சவங்கதான். 2010ல டிவி போட்டியில காலிறுதியோட வெளிய அனுப்பிட்டாங்க, அவங்க யூட்யூப் பக்கம் வந்து தனக்குன்னு ஒரு கூட்டத்தை சேத்துக்கிட்டாங்க. கதவு சாத்தினா அடுத்த கதவு.

ராத்திரி வெலூர். நம்ம வேலூர் இல்லீங்க, வெல்வெட்ல வர்ற வெலூர், யூனிவர்சிட்டி அவென்யூல இருக்குற ஒரு சின்ன மியூசிக் ஹால். 2006ல கோரி ஃபாக்ஸ்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. சாராயம் கிடையாது, எல்லா வயசுக்காரங்களும் வரலாம். இமாஜின் டிராகன்ஸ், நியான் ட்ரீஸ் ரெண்டு பேண்டுமே ஆரம்பத்துல இந்த மேடையில ஏறினவங்க. உள்ள பழைய காலத்து சாமான்களா அடைச்சு வச்சிருக்காங்க, பாட்டி வீட்டு பரண்ல கச்சேரி வச்சிருக்காங்களோன்னு தோணுது.

நாங்க போனப்ப மூணு லோக்கல் பேண்ட். நடுவுல வந்தவங்க நல்லா இருந்தாங்க, கடைசில வந்தவங்க கிட்டார் ட்யூன் பண்ணியே பாதி நேரத்தை ஓட்டிட்டாங்க. ஆனா நான் கவனிச்சது மேடையை இல்ல, கீழ நின்ன கூட்டத்தை. அமெரிக்காவுல எந்த ஊர் பார்ல கச்சேரிக்குப் போனாலும் பாதிப்பேர் கவுண்டர் பக்கம் திரும்பி நின்னு சத்தமா பேசிட்டிருப்பான், பாட்டு அவனுக்கு பின்னணி. இங்க பேச்சே இல்ல. குடிக்க எதுவும் இல்லாததால வந்தவன் எல்லாரும் மேடையையே பாக்குறான். பாடுறவன் தப்பு பண்ணா உடனே தெரியும், நல்லா பாடினா அதுவும் தெரியும். இப்படி ஒரு கூட்டத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் வாசிச்ச பேண்டுக்கு ஸ்டேடியமெல்லாம் பெரிய விஷயமே இல்ல. ரெனால்ட்ஸோட 'ரேடியோஆக்டிவ்' அமெரிக்க சார்ட்ல 87 வாரம் நின்னு அப்ப ரெக்கார்டு போட்டுச்சு, 2023 ஜனவரில மும்பை லொல்லாபலூசா இசை விழாவுல அவங்க பாடினப்ப கூட்டம் சேந்து கத்தினதை நம்மாளுங்களே நேர்ல பாத்திருக்காங்க.

வெளிய வந்து ப்ளாட்பாரத்துல நின்னு ரொம்ப நேரம் பேசினோம், எல்லாம் அந்த இன்னொரு பாதிக் கேள்வியைப் பத்திதான். நியான் ட்ரீஸ் பாடகர் டைலர் கிளென் 2014ல தான் ஓரினச் சேர்க்கையாளர்னு வெளிப்படையா சொன்னாரு, சொன்னப்புறமும் சபையிலேயே இருக்கத்தான் பாத்தாரு. 2015 நவம்பர்ல சபை ஒரு விதி போட்டுச்சு, ஒரே பாலின தம்பதிகள் சபை நம்பிக்கையை கைவிட்டவங்க, அவங்க குழந்தைங்களுக்கு ஞானஸ்நானம் கூட இப்போதைக்கு கிடையாதுன்னு. அதோட கிளென் வெளிய வந்துட்டாரு, அடுத்த வருஷம் 'எக்ஸ்கம்யூனிகேஷன்'னு பேர் வச்சே ஆல்பம். அந்த விதியை 2019 ஏப்ரல்ல சபையே திரும்ப எடுத்துக்கிச்சு, ஆனா போனவர் போனதுதான்.

ரெனால்ட்ஸுக்கு இந்தப் பிரச்சினை நேரடியா இல்ல, ஆனா இங்க இந்த மாதிரி பசங்க படுற பாட்டைப் பாத்துட்டு 2017 ஆகஸ்ட்ல லவ்லவுட்னு ஒரு இசை விழா நடத்தினாரு. எங்க தெரியுமா? அதே ஓரம் ஊர்ல. ஆஸ்மண்ட்ஸ் ஸ்டுடியோ கட்டின ஊர். சபையே அந்த விழாவைப் பாராட்டி அறிக்கை விட்டுச்சு, விதியை மட்டும் மாத்தல. நண்பன் சொன்னான், "இங்க ஆபீஸ்ல என் டீம்ல பாதிப்பேர் மார்மன் டா, எங்க அப்பாவுக்கு ஆஸ்பத்திரின்னதும் வீட்டு வாசல்ல சாப்பாடு கொண்டுவந்து வச்சவங்க அவங்கதான், ஆனா அவங்க வீட்டுப் பையன் வேற மாதிரின்னா அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு வெளிய தெரியாது." எனக்கு அதுக்கு மேல கேக்கத் தோணல.

ஞாயிறு, மறுபடி சால்ட் லேக்

ஞாயித்துக்கிழமை ஃப்ரண்ட்ரன்னர் ஓடாது! சபைக்காரங்க ஊரு, ஓய்வு நாள்னா ரயிலுக்கும் ஓய்வு. நண்பன் தூக்கக் கலக்கத்துலயே காரை ஓட்டிட்டு வந்தான். ஒன்பதேகாலுக்குள்ள சீட்ல இருக்கணும், ஒன்பதரைக்கு லைவ்.

நிகழ்ச்சி பேர் மியூசிக் அண்ட் தி ஸ்போக்கன் வேர்ட். 1929 ஜூலை 15ல ரேடியோவுல ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் வாரா வாரம் நடக்குது. முதல் நாள் ஸ்டேஷன்ல இருந்தது ஒரே ஒரு மைக். கொயர் சத்தம் எல்லாம் சரியா விழணும்னு அதை கூரையில இருந்து தொங்க விட்டுட்டாங்க. அப்ப அறிவிப்பாளர் எப்படிப் பேசுறது? பத்தொம்பது வயசுப் பையன் ஒருத்தன், டெட் கிம்பல், உயரமான ஏணியில ஏறி நின்னான், நிகழ்ச்சி முடியற வரைக்கும் ஏணி மேலயே நின்னான், இறங்கினா சத்தம் மைக்ல விழுந்துரும்.

வியாழக்கிழமை சாதா ட்ரெஸ்ல பாத்த அதே ஆளுங்க இன்னிக்கு பொண்ணுங்க எல்லாம் ஒரே கலர் கவுன், ஆம்பளைங்க கோட். அரை மணி நேரம். பாடுறதைப் பத்தி என்ன எழுதினாலும் குறைவுதான், ஒண்ணு மட்டும் சொல்றேன், 360 பேர் மெதுவா பாடும்போதுதான் அது எவ்வளவு பெரிய கூட்டம்னு புரியுது. சத்தமா பாட ஐம்பது பேர் போதும்.

இந்தக் கொயரோட வேர் வேல்ஸ் நாட்டுல இருக்கு. முதல் கண்டக்டர் ஜான் பாரி, வேல்ஸ்ல இருந்து மதம் மாறி வந்தவர். அங்க சுரங்கத் தொழிலாளிங்க கூட நாலு குரல்ல பாடுற ஊர், அந்த ஜனங்க இங்க வந்து சேந்துட்டாங்க. 1893ல சிகாகோ உலகக் கண்காட்சி போட்டியில ரெண்டாம் பரிசு வாங்குனாங்க, 1959ல பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவோட சேந்து பாடின ஒரு பாட்டு சார்ட்ல ஏறி கிராமியும் வாங்கிக் கொடுத்துச்சு. ஜனாதிபதி பதவியேற்புகள்லயும் அப்பப்ப பாடுவாங்க, ரீகன் இவங்களை அமெரிக்காவின் கொயர்னே சொன்னாரு. 2017ல ட்ரம்ப் பதவியேற்புக்குப் பாட ஒத்துக்கிட்டப்ப ஒரு பாடகி மனசாட்சி ஒத்துக்கலன்னு கொயரை விட்டே விலகிட்டாங்க. 2018ல அப்ப சபைத் தலைவரா இருந்த ரஸ்ஸல் நெல்சன் (இவர் பழைய இருதய அறுவை சிகிச்சை டாக்டர்) இனி மார்மன்ங்கிற பேரை நாம பயன்படுத்த வேணாம்னுட்டாரு, கொயர் பேர்ல இருந்தும் அது போயிடுச்சு. நான் இங்க பழக்க தோஷத்துல மார்மன்னே எழுதுறேன், சபைக்காரங்க யாராவது படிச்சா மன்னிச்சுக்கங்க.

மேடையில எத்தனை கறுப்பு முகம் இருக்குன்னு என்னையும் அறியாம எண்ண ஆரம்பிச்சுட்டேன். 1978 ஜூன் வரைக்கும் கறுப்பின ஆண்களுக்கு இந்தச் சபையில குருத்துவப் பொறுப்பு கிடையாது. அது மாறி பத்தொம்பது வருஷம் கழிச்சு, 1997ல, கிளாடிஸ் நைட் இதுல சேந்தாங்க. அட்லாண்டாவுல கறுப்பின பாப்டிஸ்ட் சர்ச்ல பாடி வளந்தவங்க, 'மிட்நைட் ட்ரெயின் டு ஜார்ஜியா' பாடினவங்க, அவங்க பையனும் பொண்ணும் முன்னாடியே சேந்திருந்தாங்க. வந்ததும் இங்க பாட்டுல கொஞ்சம் காரம் பத்தலைன்னு அப்போதைய சபைத் தலைவர் ஹிங்க்லிகிட்டயே ஜாலியா சொல்லியிருக்காங்க. சொன்னதோட விடல, செயிண்ட்ஸ் யூனிஃபைட் வாய்ஸஸ்னு ஒரு கொயர் ஆரம்பிச்சு அதே துதிப் பாட்டுகளை கைத்தட்டல் போட்டு காஸ்பல் பாணியில பாட வச்சாங்க, 2006ல அதுக்கு கிராமி. எல்லாரும் வெளிய போறதைப் பத்தியே எழுதிட்டிருக்கேன், இவங்க ஐம்பது வயசுக்கு மேல உள்ள வந்தவங்க.

டேவிட் அர்ச்சுலேட்டா கதை அதுக்கு நேர் எதிர். பக்கத்து மரேல வளந்த பையன், 2008ல பதினேழு வயசுல அமெரிக்கன் ஐடல் ஃபைனல், அன்னிக்கு விழுந்த ஓட்டு 9.7 கோடிக்கும் மேல, ரெண்டாவது இடம். 2010ல இதே கொயரோட கிறிஸ்துமஸ் கச்சேரி பாடினான். 2011 டிசம்பர்ல, இங்க இருந்து நடந்து போற தூரத்துல இருக்குற ஏப்ரவனெல் ஹால்ல, கச்சேரி நடுவுல நின்னு எல்லாத்தையும் நிறுத்திட்டு மிஷன் போறேன்னு அறிவிச்சான். சிலில ரெண்டு வருஷம். கேரியர் உச்சத்துல எந்த மேனேஜர் ஒத்துக்குவான்? 2021ல தன் பாலின ஈர்ப்பைப் பத்தி வெளிப்படையா எழுதினாரு, அப்புறம் சபையை விட்டு வெளிய வந்தாரு, பின்னாடியே அவங்க அம்மாவும். அம்மா சொன்னதை வச்சு 2024ல ஒரு பாட்டும் போட்டிருக்காரு: நீ நரகத்துக்குப் போனா நாங்க எல்லாரும் உன்கூடவே வர்றோம்ங்கிற மாதிரி.

மத்தியானம் கேபிடல், அதாவது மாகாண சட்டசபைக் கட்டடம் பக்கம் ஏறிப் போனோம். கடை பாதிக்கு மேல மூடி. இந்த மாகாணம் அரசியல்ல அனுப்பினவங்கள்ல எனக்கு ஃபேவரைட் மார்த்தா ஹ்யூஸ் கேனன். டாக்டர், பலதார மணத்துல நாலாவது மனைவி, 1896 தேர்தல்ல மாகாண செனட்டுக்கு நின்னாங்க, அதே தேர்தல்ல எதிர்க்கட்சில அவங்க புருஷனும் நின்னாரு. அம்மா ஜெயிச்சாங்க, ஐயா தோத்தாரு! அமெரிக்காவுலயே முதல் பெண் மாகாண செனட்டர். மிட் ராம்னிய எல்லாருக்கும் தெரியும், 2002 குளிர்கால ஒலிம்பிக்கை இங்க நடத்திக் காட்டினவர், 2012ல ஒபாமாகிட்ட தோத்தவர். அந்தத் தேர்தல்ல ராம்னியை விடாம தாக்கின செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹாரி ரீடும் மார்மன்தான்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

திங்கள், நெஃபி வழியா செயிண்ட் ஜார்ஜ்

வாடகைக் கார், தனியா, ஐ-15ல தெற்கு நோக்கி. நண்பன் வேலைக்குப் போயிட்டான்.

நெஃபி. நீபோ மலைக்குக் கீழ ஒரு மெயின் ரோடு, ரெண்டு பெட்ரோல் பங்க், தண்டவாளம். பேரே மார்மன் புத்தகத்துல வர்ற ஒரு ஆளோடது. பிராண்டன் ஃப்ளவர்ஸ் சின்ன வயசுல இங்க வந்து பதினாறு வயசு வரைக்கும் இருந்தாரு, அப்புறம் வேகாஸ்க்கு அத்தை வீட்டுக்குப் போயிட்டாரு. உலகம் பூரா ஸ்டேடியம் நிரப்பிட்டு, கோவிட்ல எல்லாம் நின்னப்ப, திரும்பி யோசிச்சு 2021ல 'பிரஷர் மெஷின்'னு முழு ஆல்பமும் இந்த ஊரைப் பத்தியே போட்டாரு. ஊர்க்காரங்களைப் பேச வச்சு ரெக்கார்ட் பண்ணி பாட்டுங்களுக்கு நடுவுல சேத்திருக்காங்க. ரயில்ல அடிபட்டு செத்தவங்க, வலி மாத்திரைக்கு அடிமையானவங்க, யாருக்கும் சொல்ல முடியாத பையனுங்க. அதை கார்ல போட்டுக்கிட்டே ஊரை ரெண்டு சுத்து சுத்தினேன், சுத்தவும் பெருசா இல்ல. ஃப்ளவர்ஸ் இன்னும் சபையிலதான் இருக்காரு. 2011ல சபை விளம்பரத்துல "நான் ஒரு மார்மன்"னு வந்து நின்னாரு, அடுத்த வருஷம் ஸ்காண்டிநேவிய டிவில பேட்டிக்குப் போனப்ப எதிர்ல நாத்திகர் ரிச்சர்ட் டாக்கின்ஸை உக்கார வச்சு மாட்டிவிட்டாங்க, தடுமாறினாரு, ஆனா எழுந்து போகல. உள்ளயே இருந்துக்கிட்டு ஊரோட இருட்டைப் பாடுறது, வெளிய போய் பாடுறதை விட கஷ்டம்னு எனக்குப் படுது. கிளென் பாட்டுல கோபம் இருக்கு, இதுல கோபம் இல்ல, ஆனா கேட்டா தூக்கம் வராது.

பீவர்ல டீசல் போட நிறுத்தினேன், சும்மா இல்ல, எலெக்ட்ரானிக் டிவியைக் கண்டுபிடிச்ச ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1906ல பிறந்தது இந்த ஊர்ப் பக்கம். பதினாலு வயசுல உருளைக்கிழங்கு வயல்ல உழுத சால் வரிசையைப் பாத்துட்டு படத்தையும் இப்படி வரி வரியா அனுப்பலாமேன்னு யோசிச்சவர், 1927 செப்டம்பர் 7ல செஞ்சும் காட்டிட்டாரு. ரயில் கொள்ளைக்காரன் புட்ச் கேசிடியும் இதே ஊர், அவனும் மார்மன் வீட்டுப் பிள்ளை. எல்லா வீட்டுலயும் ஒருத்தன்.

ராத்திரி செயிண்ட் ஜார்ஜ். செம்மண் மலை, நடுவுல 1877ல கட்டின வெள்ளைக் கோயில். பியானோ கைஸ்ங்கிற இசைக்குழு இங்க ஒரு பியானோ கடையில ஆரம்பிச்சவங்க, பியானோ விக்க வீடியோ போட்டாங்க, வீடியோ ஓடிடுச்சு. ஹெலிகாப்டர்ல பியானோவைத் தூக்கிட்டுப் போய் மலை உச்சியில வச்சு வாசிச்சதெல்லாம் இவங்கதான். டயர்டா இருக்கு, இவ்வளவுதான் இன்னிக்கு.

செவ்வாய், லாஸ் வேகாஸ்

பாவத்தின் தலைநகரம்னு சொல்ற இந்த ஊர்ல முதல்ல குடியேறின வெள்ளைக்காரங்க யாருன்னு நினைக்கிறீங்க? 1855ல பிரிகம் யங் அனுப்பின முப்பது மார்மன் ஊழியக்காரங்க. ரெண்டே வருஷத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க, அவங்க கட்டின மண் கோட்டையோட மிச்சம் இன்னும் இருக்கு, காலையில போய்ப் பாத்தேன். சூதாட்ட விடுதிகளுக்கு துணிஞ்சு கடன் கொடுத்த பேங்க்கர் பாரி தாமஸ், அவரும் மார்மன். கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹ்யூஸ் இங்க ஹோட்டலா வாங்கித் தள்ளினப்ப கூட வச்சிருந்த ஆளுங்கள்ல பாதிப்பேர் மார்மன், குடிக்க மாட்டான், கணக்குல கை வைக்க மாட்டான்னு நம்பிக்கை. ரெனால்ட்ஸ், ஃப்ளவர்ஸ் ரெண்டு பேரும் இந்தப் பக்கத்துல பிறந்தவங்க. பாதி மார்மன் பாட்டு யூட்டாவுல இல்ல, இங்கதான் இருக்கு போல.

டானியும் மரியும் ஃப்ளமிங்கோ ஹோட்டல்ல 2008ல ஆறு வாரத்துக்குன்னு வந்து 2019 வரைக்கும் பாடினாங்க. இப்ப டானி மட்டும் ஹாராஸ்ல தனியா. ராத்திரி ஷோவுக்கு டிக்கெட் எடுத்தேன். கூட்டத்துல முக்கால்வாசி அறுபது தாண்டின பாட்டிங்க, கையில 1972 போஸ்டர். நடுவுல ஒரு செக்‌ஷன், தன் ஆல்பம் அட்டை எல்லாத்தையும் திரையில போட்டு எதுல இருந்து வேணா கேளுங்கன்றாரு, யாரோ கத்தினா பேண்ட் உடனே அதை வாசிக்குது. எனக்குப் பின் வரிசையில இருந்த பாட்டி 'தி பிளான்'னு தொண்டை கிழிய கத்துனாங்க, அந்த விக்காத ஆல்பத்தை! இவர் காதுல விழல, வேற யாரோ கேட்ட காதல் பாட்டுக்குப் போயிட்டாரு. குரல் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு, ஆனா ஒரு சுருதி பிசகல, மூச்சு வாங்காம ஆடவும் ஆடுறாரு. பாட்டி விடல, அடுத்த பாட்டு முடிஞ்சதும் மறுபடி கத்துனாங்க.

நாளைக்கு காலையில ஃப்ளைட். ஏர்போர்ட்டுக்கு 2021ல இருந்து ஹாரி ரீட் பேரு. அங்க காபி கிடைக்கும், விசாரிச்சுட்டேன்.